டர்பனில் பழைய பக்கி வாங்கப் போகிறீர்களா? சீட்டுக்கு அடியில் இருக்கும் கம்பளத்தைத் தூக்கிப் பாருங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன். போன வாரம் ஊரிலிருந்து வந்து மோபேனி பக்கம் கடை போடப்போகும் ஒரு தம்பி, "அண்ணே, ஒரு பக்கி பாத்து வெச்சிருக்கேன். ரோட்வொர்தி சர்டிபிகேட்டோட தர்றாங்களாம், நாளைக்கே பணம் கட்டிடலாம்னு இருக்கேன்" என்றார். ரோட்வொர்தி என்றால், வண்டி சாலையில் ஓடத் தகுதியானது என்று சொல்லும் சான்றிதழ். எனக்குப் பகீரென்றது. 2024 ஆகஸ்டில் நான் என் மனைவியிடம் சொன்னதும் இதே வார்த்தைகள்தான்.

தென்னாப்பிரிக்கா பழக்கமில்லாதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். பின்னால் திறந்த தட்டு உள்ள பிக்கப் வண்டிக்கு இங்கே பக்கி என்று பெயர். அதில் சின்ன ரகத்தை ஹாஃப் டன் என்பார்கள். காய்கறிக்காரர், பிளம்பர், பெயிண்டர், சமையல்காரர் என்று சிறு தொழில் செய்கிறவர்கள் பலருக்கு அதுதான் கை, கால். ஆனால் அந்த ரகமே ஒவ்வொன்றாக நின்றுகொண்டு வருகிறது. நிசான் 1400 2008இல் நின்றது. ஃபோர்டு பேண்டம் 2011இல் நின்றது. ஜெனரல் மோட்டார்ஸ் 2017இல் நாட்டை விட்டுக் கிளம்பியபோது ஷெவர்லே யூட்டிலிட்டியும் போனது. மிச்சமிருந்த நிசான் என்பி200 வண்டியையும் 2024 மார்ச்சோடு ரோஸ்லின் தொழிற்சாலையில் நிறுத்திவிட்டார்கள். புதிது வராது என்பதால் எல்லோரும் பழையதைத் தேடுகிறோம். விற்கிறவனுக்கு இது நன்றாகத் தெரியும்.

என் தொழில் காய்கறி. விடியற்காலை கிளேர்வுட் மொத்த மார்க்கெட்டில் சரக்கு ஏற்றி, ஏழு மணிக்குள் சாட்ஸ்வொர்த் கடைகளில் இறக்க வேண்டும். புரட்டாசி மாதம் இங்கே பெரிய மாதம். தமிழ்க் குடும்பங்கள் மாதம் முழுக்கக் கவிச்சி சாப்பிட மாட்டார்கள். கீரை, டபுள் பீன்ஸ், மடும்பிக் கிழங்கு, கத்தரிக்காய் எல்லாம் வந்த வேகத்தில் போகும். என்னுடைய பழைய பேண்டம் ஆகஸ்ட் முதல் வாரத்தில் இன்ஜின் போய்ப் படுத்துவிட்டது. புரட்டாசி பிறப்பதற்குள் வண்டி வேண்டும் என்ற அவசரம். அந்த அவசரத்தை விற்பனைக்காரரிடமும் வாய்விட்டுச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

தெற்குப் பக்கம் ஒரு பழைய வண்டி யார்டு. பெயர் எழுதப்போவதில்லை. உள்ளே நுழைந்ததும் "வணக்கம் அண்ணா" என்று கை கூப்பினார் அந்தப் பையன். அதற்குமேல் அவருக்குத் தமிழ் வராது, மற்றதெல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் பதினோராயிரம் ரூபாய் சம்பளத்தை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்த எனக்கு, ஒரு அந்நிய இடத்தில் அந்த ஒரு வார்த்தை எவ்வளவு இதமாக இருந்தது என்பதை இங்கே இருப்பவர்கள் புரிந்துகொள்வீர்கள்.

வெள்ளை நிற என்பி200, 2018 மாடல், 1.6 பெட்ரோல். மீட்டரில் 96,000 கிலோமீட்டர். விலை 1,24,000 ராண்ட். வெளியே பெயிண்ட் பளபளவென்று இருந்தது. பின் தட்டில் புதிதாகக் கறுப்பு ரப்பர் பூச்சு அடித்திருந்தார்கள். உள்ளே எலுமிச்சை வாசனை அட்டை இரண்டு தொங்கியது. ஒரு வண்டிக்கு எதற்கு இரண்டு வாசனை அட்டை என்று அன்றைக்கு எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. நான் போனபோதே இன்ஜின் சூடாக இருந்தது. "உங்களுக்காகக் கழுவி எடுத்து வந்தோம்" என்றார். காலி வண்டியைச் சமதளத்தில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். மச்சான் போனில், "மாமா, ஒரு மெக்கானிக்கைக் கூட்டிட்டுப் போங்க" என்று தலைபாடாக அடித்துக்கொண்டார். விற்பனைக்காரர், சாயந்திரம் இன்னொருவர் பணத்தோடு வருகிறார் என்றார். ரோட்வொர்தி சர்டிபிகேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். எனக்கு அது போதும் என்று பட்டது.

இங்கேதான் நிறைய பேர் ஏமாறுகிறோம். அந்தச் சான்றிதழ் 60 நாள் செல்லும், வண்டியை நம் பெயருக்கு மாற்ற அது கட்டாயம். சோதனை நிலையத்தில் பிரேக், டயர், விளக்கு, ஸ்டியரிங், கண்ணாடி, சேஸிஸ் எண் இவற்றைப் பார்ப்பார்கள். இன்ஜினுக்குள் என்ன நடக்கிறது, கியர்பாக்ஸ் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, கம்பளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது அவர்கள் வேலை இல்லை. அந்தத் தாளை நான் டாக்டர் சர்டிபிகேட் மாதிரி நினைத்துவிட்டேன்.

சில வாரம் வண்டி ஓடியது. செப்டம்பர் மூன்றாவது வாரம், புரட்டாசி தொடங்கி நாலாவது நாள், அறுநூறு கிலோ சரக்கோடு ஹிக்கின்சன் ஹைவே ஏற்றத்தில் போய்க்கொண்டிருந்தேன். வைப்பர் தானாக ஒருமுறை ஆடி நின்றது. அப்புறம் ஒரு இனிப்பு வாடை. பானட்டின் ஓரத்தில் ஆவி. டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை. ஓரம் கட்டி நிறுத்தினேன். வேறு வண்டி வருவதற்குள் கொத்தமல்லியும் கீரையும் வெயிலில் துவண்டுவிட்டன. அன்றைக்கு ஆறு கடைகளுக்குச் சரக்கு போகவில்லை. அதில் இரண்டு கடைகள் இன்றுவரை என்னிடம் வாங்குவதில்லை.

ஷால்கிராஸில் ஒரு வயதான மெக்கானிக் அங்கிள் இருக்கிறார். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், பாட்டி சொல்லித்தந்த தமிழை இன்னும் விடாமல் பேசுகிறவர். பானட்டைத் திறப்பார் என்று பார்த்தால், முதலில் டிரைவர் கதவைத் திறந்து குனிந்து மோந்து பார்த்தார். சீட்டை முன்னால் தள்ளி, அது நகரும் கம்பித் தண்டவாளத்தில் டார்ச் அடித்தார். போல்ட் தலைகள் எல்லாம் துரு. ஸ்குரூடிரைவரால் கம்பளத்தின் ஓரத்தை நெம்பித் தூக்கினார். அடியில் இருந்த பஞ்சு கறுத்துப் பாளம் பாளமாக இருந்தது. கையை விட்டு எடுத்து என் உள்ளங்கையில் கொட்டினார். மெல்லிய ஆற்று வண்டல்.

"பாரு தம்பி, தண்ணி உள்ள நின்னிருக்கு. ஒரு நாள் இல்ல, ரெண்டு மூணு நாள்" என்றார்.

சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுக்கச் சொன்னார். நாம் யாரும் அதை முழுசாக இழுப்பதில்லை. கடைசி முழத்தில் பழுப்பாக ஒரு கோடு, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்று அளந்து வைத்த மாதிரி. ஃபியூஸ் பெட்டியில் பச்சை பூத்திருந்தது. டேஷ்போர்டைப் பிரித்தபோது இன்ஜின் கோளாறு விளக்கின்மேல் கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பு நடுங்கியது. தண்ணீர் புகுந்தது யார் குற்றமும் இல்லை. அந்த டேப்பை ஒரு மனிதன் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறான். ஏற்றத்தில் என்னோடு என் பிள்ளைகள் இருந்திருக்கலாம்.

கம்பளத்துக்கு அடியில் வண்டலோடு ஒட்டிக் காய்ந்த ஒரு டெலிவரி சீட்டும் கிடைத்தது. இசிபிங்கோ முகவரி, தேதி 2022 ஏப்ரல் 8. அதற்கு மூன்று நாள் கழித்து என்ன நடந்தது என்பது டர்பனில் யாருக்கும் மறக்காது. ஏப்ரல் 11 ராத்திரி தொடங்கிய வெள்ளத்தில் நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ப்ரோஸ்பெக்டனில் டொயோட்டா தொழிற்சாலை முழுகியது. உள்ளே நின்ற 4,000க்கும் மேற்பட்ட வண்டிகளை யாருக்கும் விற்காமல் அழித்துவிடுவது என்று முடிவெடுத்தார்கள். ஆனால் அதே இரவில் தெருவிலும் கடை வாசலிலும் நின்று முழுகிய வண்டிகளுக்கு அப்படி யாரும் முடிவெடுக்கவில்லை. கழுவினார்கள், காய வைத்தார்கள், கை மாற்றினார்கள்.

பதிவுத் தாளில் இது தெரிய வேண்டாமா என்று கேட்பீர்கள். இங்கே பதிவில் வண்டிக்கு ஒரு குறியீட்டு எண் (கோட்) உண்டு. புதிதென்றால் 1, பழையதென்றால் 2, நொறுங்கித் திரும்பக் கட்டியதென்றால் 3, உதிரி பாகத்துக்கு மட்டும் என்றால் 3ஏ, அழிக்க வேண்டியதென்றால் 4. என் வண்டியில் இருந்தது 2. காப்பீட்டு நிறுவனம் இனித் தேறாது என்று வண்டியைக் கைகழுவினால்தான் எங்காவது பதிவாக வாய்ப்பு உண்டு. காப்பீடே இல்லாத வண்டி முழுகினால் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. காப்பீட்டு நிறுவனங்களின் சங்கம் வின்-லுக்கப் என்று ஒரு தேடல் பக்கம் வைத்திருக்கிறது. வின் எண்ணை, அதாவது வண்டியின் அடையாள எண்ணைப் போட்டுப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். ஆனால் அதில் ஒன்றும் வரவில்லை என்பதற்காகக் கம்பளத்தைத் தூக்காமல் இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று, சாவியை ஸ்டார்ட் பண்ணாமல் ஆன் வரை மட்டும் திருப்புங்கள். எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒருமுறை எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே எரியாத விளக்குதான் ஆபத்து. இன்ஜின் ஆறியிருக்கும்போது, முடிந்தால் காலையில் அவர்கள் கடை திறக்கும் நேரத்தில் போய் நில்லுங்கள். தெரிந்த மெக்கானிக் இல்லாவிட்டால் டெக்ரா மாதிரி வண்டி சோதனை நிலையத்தில் பணம் கட்டினால் வண்டி முழுவதையும் பார்த்து அறிக்கை தருவார்கள். விற்கிறவர் அதற்கு விடமாட்டேன் என்றால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது, வந்துவிடுங்கள்.

சரி, வண்டியைப் பற்றிச் சொன்னேன். தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என்னைப் பெரிதாக மாட்டிவிட்டது அதுதான்.

நான் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் விற்பவர் என்ற இடத்தில் யார்டின் பெயர் இல்லை. எனக்குத் தெரியாத ஒரு தனி ஆளின் பெயர் இருந்தது. கீழே ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ என்று ஒரு சொல். ஆப்பிரிகான்ஸ் சொல். இருக்கிற நிலையில் எடுத்துக்கொள், பின்னால் வந்து கேட்காதே என்று அர்த்தம். இது ஏன் என்று அப்புறம்தான் விளங்கியது. வியாபாரமாக வண்டி விற்கிறவர் இந்தச் சொல்லைக் காட்டித் தப்பிக்க முடியாது. 2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 55, 56ஆம் பிரிவுகள் நமக்கு ஆறு மாதம் பாதுகாப்புத் தருகின்றன. சரக்கில் குறை இருந்தால் திருப்பிக் கொடுக்கலாம், பழுது பார்க்கச் சொல்லலாம், பணத்தைக் கேட்கலாம். ஆனால் எப்போதோ ஒருமுறை தன் சொந்த வண்டியை விற்கும் தனி ஆளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. அதனால்தான் தாளில் தனி ஆளை நிறுத்தினார்கள். நான் போய்க் கேட்டபோது, "நாங்கள் வண்டியை நிறுத்த இடம் மட்டும்தான் கொடுத்தோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

என்னைக் காப்பாற்றியது ஒரே ஒரு விஷயம். தள்ளுபடி தருகிறோம், ரொக்கமாகக் கொடுங்கள் என்று அவர்கள் கேட்டபோது நான் மறுத்து, வங்கி வழியாக அனுப்பினேன். பணம் போனது யார்டின் கணக்குக்கு. தாளில் உள்ள பெயர் ஒன்று, பணம் வாங்கிய பெயர் வேறு. தயவுசெய்து இந்த இரண்டு பெயரையும் பணம் அனுப்பும் முன்பே ஒத்துப் பாருங்கள்.

அப்புறம் நான் செய்த ஒரு தவறு. புரட்டாசி போய்விடுமே என்ற பயத்தில், யார்டுக்கு ஒரு வரி எழுதாமல் வெளியே பழுது பார்த்துவிட்டேன். ஹெட் கேஸ்கெட் வேலை 13,800, ரேடியேட்டரும் வாட்டர் பம்ப்பும் 5,600, ஒயரிங்கும் செகண்ட் ஹேண்டாக வாங்கிய இன்ஜின் கம்ப்யூட்டர் பெட்டியும் 11,500. மொத்தம் 30,900 ராண்ட். முதலில் எழுத்தில் புகார் கொடுத்து, வண்டியை அவர்கள் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியிருக்க வேண்டும். நீ பிரித்துவிட்டாய், இனி எங்கள் பொறுப்பில்லை என்ற பேச்சுக்கு நானே இடம் கொடுத்துவிட்டேன். மோட்டார் தொழிலுக்கென்றே, புகார்களை விசாரிக்கும் ஒரு ஆம்புட்ஸ்மன் அலுவலகம் இருக்கிறது. அங்கே போவதற்கும் முதலில் விற்றவருக்கு எழுதியிருக்க வேண்டும்.

கடைசியில் நான் போனது ஸ்மால் கிளெயிம்ஸ் கோர்ட்டுக்கு, அதாவது சின்னத் தொகை வழக்குகளுக்கான நீதிமன்றத்துக்கு. வக்கீல் வைக்க முடியாது, தேவையும் இல்லை. 20,000 ராண்ட் வரைதான் கேட்கலாம், அதற்கு மேல் உள்ளதை நாமே விட்டுக்கொடுக்க வேண்டும். 14 நாள் அவகாசம் கொடுத்து முதலில் கேட்புக் கடிதம் தர வேண்டும். அங்கே இருந்த கிளார்க் அம்மா படிவத்தை வரி வரியாகச் சொல்லித் தந்தார், அவருக்கு என் நன்றி. வண்டல், சீட் பெல்ட் கோடு, டேப், டெலிவரி சீட்டு எல்லாவற்றையும் அங்கிள் அன்றைக்கே போட்டோ எடுக்கச் சொல்லியிருந்தார். வங்கி ரசீதோடு அவற்றையும் வைத்தேன். விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால் யார்டிலிருந்து 20,000 வந்து சேர்ந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வண்டி இப்போதும் என்னிடம்தான் இருக்கிறது. முழுகிய வண்டி என்று சொல்லாமல் விற்க மனம் வரவில்லை, சொன்னால் யாரும் வாங்குவதில்லை. முந்நூறு கிலோவுக்கு மேல் ஏற்றுவதில்லை, ஏற்றத்தில் மெதுவாகப் போகிறேன்.

அந்தத் தம்பியைப் பணம் கட்டாமல் பொறுத்திருக்கச் சொன்னேன். அவரோடு நாளை காலை எட்டு மணிக்கு நானும் அந்த வண்டியைப் பார்க்கப் போகிறேன். அங்கிளும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். சாட்ஸ்வொர்த், ஷால்கிராஸ், இசிபிங்கோ பக்கம் வேறு யாராவது வண்டி பார்ப்பதாக இருந்தால் இங்கே எழுதுங்கள். மார்க்கெட் வேலை முடிந்து பகலில் எனக்கு நேரம் இருக்கும், டார்ச்சை எடுத்துக்கொண்டு வருகிறேன்.