ரை கூடரும் விஸ்வ மோகன் பட்டும்: 'எ மீட்டிங் பை தி ரிவர்' இசைத்தட்டு

லாஸ் ஏஞ்சலீஸில் 1947இல் பிறந்த ரை கூடர், அமெரிக்க நாட்டுப்புறப் பாடல்களையும், அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே பிறந்த ப்ளூஸ் இசை மரபையும் ஸ்லைடு கிதாரில் வாசித்துப் பெயர் பெற்றவர். 1984இல் வெளிவந்த 'பாரிஸ், டெக்சஸ்' திரைப்படத்துக்கு அவர் தந்த இசை, ஸ்லைடு கிதார் கலைஞர் பிளைண்ட் வில்லி ஜான்சனின் பழைய பதிவொன்றை அடியொற்றியது. அப்படிப்பட்டவர் 1992 செப்டம்பரில், கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் உள்ள ஒரு சிற்றாலயத்தில், ரவிசங்கரின் சீடரான ஜெய்ப்பூர் விஸ்வ மோகன் பட்டோடு முன்பழக்கமும் ஒத்திகையும் இன்றி அமர்ந்து வாசித்ததன் பதிவே இந்த இசைத்தட்டு. 1994இல் இது கிராமி விருது பெற்றது.

இருவரையும் இணைப்பது வழுக்கி வாசிக்கும் முறைதான். கூடர் விரலில் மாட்டிய குழலையும், பட் மடியில் கிடத்திய மோகன வீணைமீது (கிதாரை மாற்றியமைத்து அவர் உருவாக்கிய வாத்தியம்) உலோகத் தண்டையும் நகர்த்துகிறார்கள். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு, ஒரு சுரம் அடுத்த சுரத்தை எட்டும் அந்த இழைவு அந்நியமாகத் தோன்றாது. ஆனால் வாத்தியங்களின் நாதம் வேறு வேறு: மோகன வீணையில் தாமாகவே அதிரும் துணைத் தந்திகள் ஒவ்வொரு சுரத்தையும் ஒளிவட்டம்போலச் சூழ்ந்துகொள்ள, கூடரின் கிதாரோ தடித்த, சற்றே கரகரப்பான குரலில் மறுமொழி சொல்கிறது.

நான்கு உருப்படிகள், ஏறக்குறைய 40 நிமிடம். அவற்றுள் 'லாங்கிங்' எனக்கு மிகவும் பிடித்தது. பட் ஆலாபனையாக விரித்துச் செல்கையில், கூடர் இரண்டு மூன்று சுரங்களோடு நிறுத்திக்கொண்டு இடம்விடுகிறார். இந்துஸ்தானி வித்வானைப்போல் வாசித்துக் காட்ட அவர் ஓரிடத்திலும் முயலவில்லை. பல நாட்டு இசைஞர்களோடு வாசித்துவந்த அவருடைய இசைவாழ்வின் பக்குவம் இந்த அடக்கத்தில்தான் தெரிகிறது. 'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்' துள்ளலானது, ஆயினும் அதில் இரு இசை மரபுகளின் இணைப்பு சற்று எளிதாகவே கைகூடிவிட்டதாகப் படுகிறது.

சுக்விந்தர் சிங் நாம்தாரியின் தபலா அளவறிந்து துணைநிற்கிறது. அப்போது பதினான்கு வயதேயான, கூடரின் மகன் யோவாகிம் வாசிக்கும் தும்பெக் என்ற கோப்பை வடிவ மத்தளம் சில இடங்களில் அதனுள் அமிழ்ந்துபோகிறது. ராகத்தின் முழு விரிவை எதிர்பார்ப்பவர்களுக்கும் இதில் நிறைவு கிட்டாது.

ஒலிப்பதிவைத் தனியே பாராட்ட வேண்டும். வாட்டர் லில்லி அக்கவுஸ்டிக்ஸ் நிறுவனத்தின் கவிச்சந்திரன் அலெக்சாண்டர், இலங்கையில் பிறந்தவர், இரண்டே ஒலிவாங்கிகளைக் கொண்டு அனலாக் நாடாவில் இதைப் பதிவு செய்திருக்கிறார். விரல் தந்தியில் படும் ஓசையும் ஆலயச் சுவரில் பட்டுத் திரும்பும் நாதமும் கலையாமல் வந்திருப்பதால், கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் கேட்பது இந்த இசைத்தட்டுக்கு நியாயமாகாது. நல்ல தலையணி ஒலிபெருக்கியில், 'லாங்கிங்' தொடங்கி இறுதியில் வரும் ஃபிஜித் தீவுப் பிரிவுப்பாடலான 'இசா லேய்' வரை தொடர்ச்சியாகக் கேளுங்கள்.