கறுப்பு நாய்க்கு ஏற்ற ஸ்டூடியோ

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வொர்த் பகுதியில் உள்ள ஒரு சிறிய ஸ்டூடியோவில் எங்கள் 11 வயதுக் கறுப்பு லாப்ரடாரைப் படம் எடுத்தோம். முன்பு வேறோரிடத்தில் எடுத்த படத்தில் அவன் கண்ணும் மூக்கும் பிரித்தறிய முடியாத கரிய நிழலாகவே இருந்தான். இங்கோ படம்பிடித்தவர் பிளாஷைத் தொடவே இல்லை. தென்கோளத்தில் உள்ள இந்நாட்டில் நேர்வெயில் அதிகம் படாத தெற்கு ஜன்னலோரம் அவனை உட்காரவைத்து, மறுபுறம் வெள்ளை அட்டையை நிறுத்தியதால், ஒளி ரோமத்தின் மேல் சாய்வாக வழிந்து, கழுத்து மடிப்புகளும் முகவாயில் நரைத்த மயிர்களும் தனித்தனியே தெரிந்தன. கேமராவின் ஒளிமானி எதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுவதால் கறுப்பு ரோமம் வெளிறிவிடும் என்று விளக்கி, எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் ஒளியளவை, சற்றுக் குறைத்துக்கொண்டார். இரு கண்ணிலும் ஜன்னலின் வெள்ளைப் புள்ளி விழும்வரை அவர் பொறுமையாகக் காத்திருந்ததை நான் மறக்கமாட்டேன். படத்தின் உயிரே அதில்தான் இருக்கிறது.

குறை எடிட்டிங்கில்தான். ரா கோப்பில் (கேமரா பதிந்த மூலக் கோப்பில்) நிழல் பகுதிகளை அளவுமீறி வெளிச்சமாக்கியிருந்ததால், முதற்பிரதியில் காதோரம் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தெரிந்தன. ரோமத்திலும் நீலம் ஏறியிருந்தது. சொன்னதும் வெள்ளைச் சமநிலையை (நிறச்சாய்வை நீக்கும் அமைப்பை) சரிசெய்து, கூடுதல் கட்டணமின்றி மறுபடியும் அச்சிட்டுக் கொடுத்தார்கள். வயதான நாயை அழைத்துச் செல்பவர்கள் காலை நேரத்தையே கேட்டு வாங்குங்கள்; நடுப்பகல் வெக்கையில் அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைக்கும்.