ஜெலுத்தோங் பழைய மோட்டார் பட்டறை: வருஷம் பார்ப்பதில் கெட்டி, நேரம் பார்ப்பதில் இல்லை

பினாங்கில் பழைய இங்கிலீஷ் மோட்டார் வாங்கப் போகிறீர்களா? பணத்தை நீட்டும் முன் ஜெலுத்தோங் சந்தைக்குப் பின்னால் இருக்கும் இந்தப் பட்டறையில் வண்டியைக் காட்டிவிடுங்கள். பெயர்ப்பலகை கிடையாது, டயர் கடையை ஒட்டிய ஒற்றைக் கதவுதான். பழுது பார்ப்பது போக, வண்டி எந்த வருஷத்தது என்றும் பட்டறைக்கார அண்ணன் பார்த்துச் சொல்கிறார். அதற்கு 60 ரிங்கிட்.

நான் காட்டியது ட்ரையம்ப் போனவில் டி120ஆர், 650 சிசி. விற்பவர் கூலிம்காரர், 1968 என்று அடித்துச் சொன்னார். கிரானில், அதாவது வண்டியின் பதிவு அட்டையில், 1971. அவரையும் கையோடு கூட்டிப் போனேன்.

அண்ணன் கிரானைக் கையில் வாங்கவே இல்லை. "அது இங்க பதிஞ்ச வருஷம் தம்பி. ஃபேக்டரி வருஷம் என்ஜின்லதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, இடப்பக்கம் சிலிண்டருக்குக் கீழே இருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார். 'கேடி' என்று இரண்டு எழுத்துகள், கூடவே எண்.

1968 மாடல் என்றால் 'டியு' என்று தொடங்க வேண்டுமாம். 1969 மாடல் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் இந்த இரண்டெழுத்து முறை வந்தது. முதல் எழுத்து மாதம், அடுத்தது மாடல் வருஷம். கே என்றால் செப்டம்பர், டி என்றால் 1970. ஆனால் ட்ரையம்பின் மெரிடன் தொழிற்சாலையில் புது மாடல் ஆகஸ்டிலேயே தொடங்கிவிடும் என்பதால், இந்த வண்டி செய்யப்பட்டது 1969 செப்டம்பரில். மாத எழுத்துகளும் அகர வரிசைப்படி ஒழுங்காகப் போகாது. ஜூனுக்கு எஃப் இல்லை, ஜி, டிசம்பருக்கு எக்ஸ்.

சரி, எழுத்தை யாராவது அழித்துப் புதிதாக அடித்திருந்தால்? எண் அடித்த திட்டில் பின்னணியாகச் சின்னச் சின்ன ட்ரையம்ப் முத்திரைகள் இருக்கின்றன. சுரண்டினால் அவையும் போய்விடும். டார்ச் அடித்துக் காட்டினார், எல்லாம் அப்படியே இருந்தன. ஆனால் எனக்கு நம்பிக்கை வந்தது அடுத்த சோதனையில்தான். 1970 மாடலில் என்ஜினுக்குள் சேரும் காற்று பிரைமரி செயின் கேஸுக்குள் (என்ஜினையும் கிளட்ச்சையும் இணைக்கும் செயினின் மூடி) போய், அதன் பின்பக்கத்திலிருந்து தடித்த குழாய் வழியே வெளியேறும். அதற்கு முந்தைய வண்டிகளில் கேம்ஷாஃப்ட் முனையில் அந்தக் காற்றை வெளியேற்றும் சுழலும் பிரீதர் இருந்தது. இதில் தடித்த குழாய்தான், எண்ணோடு ஒத்துப்போகிறது. ஃப்ரேமுக்குள்ளேயே எண்ணெய் ஊற்றும் அமைப்பு 1971 மாடலில் வந்தது. இதில் தனி எண்ணெய் டேங்க். ஸ்டீயரிங் கழுத்தின் இடப்பக்கம் இருந்த ஃப்ரேம் எண்ணும் என்ஜின் எண்ணும் ஒன்றே. கார்புரேட்டர் மட்டும் மிகுனி, அசல் அமால் எங்கோ போய்விட்டது. கூலிம்காரர் அப்புறம் விலை பற்றிக் கொஞ்சம் அடக்கமாகவே பேசினார்.

அண்ணனிடம் பழைய இங்கிலீஷ் அளவான விட்வொர்த் ஸ்பானர் செட் முழுதாக இருக்கிறது. இது பெரிய விஷயம். மில்லிமீட்டர் ஸ்பானரை இங்கிலீஷ் நட்டில் மாட்டி முனையை மழுக்கிவிடும் கைகள் இந்தத் தீவில் நிறைய.

குறைகள் உண்டு. போன் எடுக்க மாட்டார். காலை பத்து என்றால் பதினொன்றரைக்குக் கதவு திறக்கும். கப்சாய் எனும் சின்ன மோட்டார் வைத்திருப்பவர்கள் இங்கே காசு செலவழிக்க வேண்டாம். நண்பனின் ஹோண்டா சி70-ஐப் பார்த்துவிட்டு "6 வோல்ட்டு, பழசு" என்றதோடு சரி. ஹோண்டா மோட்டாரை மலேசியாவுக்குக் கொண்டுவந்த பூன் சியூ வாழ்ந்த ஊரில் ஹோண்டாவுக்கு இவ்வளவு அசட்டையா!

எழுதிக் கொடுப்பது ஒரு துண்டுச் சீட்டு மட்டுமே. முறையான சான்றிதழ் வேண்டுமென்றால் இங்கிலாந்தின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்புக்கு எழுதுங்கள், தொழிற்சாலைப் பதிவேட்டைப் பார்த்துத் தருவார்கள். ஜெலுத்தோங்கில் கார் நிறுத்த இடம் கிடையாது, மோட்டாரிலேயே போங்கள்.