அம்மாவின் கனடா விசாவும் ஊர் ஏஜென்ட்டும்

"இதற்கு முன் கனடாவோ வேறு எந்த நாடோ உங்களுக்கு விசா மறுத்திருக்கிறதா?" கனடா விசிட்டர் விசா படிவத்தில் இப்படி ஒரு கேள்வி உண்டு. ஊரில் ஏஜென்ட் நிரப்பி வைத்திருந்த அம்மாவின் படிவத்தில் அதற்கு 'இல்லை' என்று இருந்தது. படித்ததும் எனக்குப் பகீரென்றது.

2017-இல் என் இரண்டாவது பிரசவத்துக்கு வர அம்மா விண்ணப்பித்தார். மறுத்துவிட்டார்கள். மகள் அங்கே இருக்கிறாள், தங்கும் காலம் முடிந்ததும் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லை என்று கடிதம் வந்தது. அப்பா காலமாகி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. தனியாகத்தான் பிள்ளை பெற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் யாருக்கும் மறக்காத அந்த மறுப்பு, படிவத்தில் இல்லவே இல்லை.

தம்பியும் கனடாவிலிருந்து ஊருக்கு வந்திருந்த நானும் நேரே ஏஜென்ட்டின் கடைக்குப் போனோம். கும்பகோணத்தில் ஜெராக்ஸ், பான் கார்டு, ரயில் டிக்கெட் எல்லாம் பார்க்கும் இடம்தான். மேசையில் ரப்பர் பேண்டு போட்ட பாஸ்போர்ட் கட்டுகள். அந்தப் பையன் மரியாதையாகத்தான் பேசினான். "அக்கா, ரிஜெக்ட் ஆனதைச் சொன்னா இந்தத் தடவையும் ரிஜெக்ட்தான். நாங்க எல்லாருக்குமே 'நோ'தான் போடுறோம்."

எல்லாருக்குமே! அந்தக் கட்டில் இருந்த பாஸ்போர்ட்டுகளுக்குச் சொந்தக்காரர்களை நினைத்து எனக்கு அன்று ராத்திரி தூக்கமே இல்லை. பழைய மறுப்பு கனடாவின் பதிவுகளில் அப்படியே இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஐந்து டாலர் கட்டி, சம்பந்தப்பட்டவரின் சம்மதத்தோடு, அதிகாரி எழுதிய குறிப்புகளையே கேட்டு வாங்கலாம். நான் அப்போதே வாங்கிப் படித்தேன். இப்போதைய விண்ணப்பத்தைப் பார்க்கும் அதிகாரிக்கு அது தெரியாதா? மறுப்பு இருந்தது என்பதற்காக மட்டும் மறுபடி மறுக்க வேண்டும் என்பதில்லை. அதை மறைத்தால்தான் ஆபத்து. குடிவரவுச் சட்டத்தின் 40-ஆம் பிரிவில் பொய்த் தகவல் என்று முடிவு செய்தால் ஐந்து வருடம் கனடா பக்கமே வர முடியாது. அம்மாவுக்கு இப்போது வயது எழுபத்தொன்று.

அதோடு நிற்கவில்லை. ஆன்லைன் கணக்கு அவன் ஈமெயிலில், பாஸ்வேர்டு அவனிடம். கடிதம் வந்தாலும் அவனுக்குத்தான் வரும். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்தில் பிரதிநிதியாக இருக்க, உரிமம் பெற்ற ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். அதற்கென்று தனிப் படிவமும் உண்டு. அந்தப் படிவத்தையே அவன் பார்த்ததில்லை. கனடாவில் எனக்கு வருமான வரி போட்டுக் கொடுப்பவர், நான் படித்துக் கையெழுத்துப் போடாமல் ஒரு தாளை அனுப்ப மாட்டார். அங்கே வரை போக வேண்டாம், என் சின்ன வயசில் நம்ம தபாலாபீஸ் வாசலில் மனு எழுதித் தருகிற பெரியவர் கடைசி வரி வரை வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கைநாட்டு வாங்குவார். இங்கே அம்மாவிடம் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள்.

நல்லவேளை, அவன் இன்னும் அனுப்பவில்லை. பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு, அம்மா பெயரிலேயே கணக்குத் திறந்து நாங்களே உட்கார்ந்தோம். அவன் போட்டிருந்தது சாதா விசிட்டர் விசா, பொதுவாக ஒரு தடவைக்கு ஆறு மாதம். பெற்றோருக்கென்று சூப்பர் விசா 2011-லிருந்தே இருக்கிறது. 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை வந்தால் ஐந்து வருடம் வரை தங்கலாம். என் அழைப்புக் கடிதம், எங்கள் வருமானச் சான்று, ஒரு வருடத்துக்குக் குறைந்தது ஒரு லட்சம் டாலர் மருத்துவக் காப்பீடு, அம்மாவுக்கு மருத்துவப் பரிசோதனை: வேலை கூடத்தான். ஆனாலும் அறுபது வயது தாண்டியவர்களைத் திரும்பத் திரும்பப் பிளேன் ஏற்றாமல் இருக்கலாமே. இப்படி ஒன்று இருப்பதையே அவன் எங்களிடம் சொல்லவில்லை.

மறுப்பு பற்றிய கேள்விக்கு 'ஆம்' போட்டோம். எந்த வருடம், என்ன காரணம் சொன்னார்கள், இப்போது என்ன மாறியிருக்கிறது என்று விளக்கம் எழுதினோம். தம்பி குடும்பம் அம்மாவோடுதான் இருக்கிறது, வீடு அம்மா பெயரில். அதற்கான தாள்களையும் இணைத்தோம். அம்மா ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் சம்மதித்தார்.

கைரேகைக்குச் சென்னை போக வேண்டும். 2017-இல் இந்த ஏற்பாடு நமக்கு வரவில்லை, அதனால் இது அம்மாவுக்குப் புதிது. உழவன் எக்ஸ்பிரஸில் போனோம். வருடக்கணக்காக அம்மி அரைத்த விரல்கள், ரேகை மிஷினில் விழவே இல்லை. எனக்குப் பதற்றம். கவுன்டரில் இருந்த பெண் சலிக்கவே இல்லை. "பாட்டி, கையைத் தளர்வா விடுங்க, நான் பிடிச்சுக்கிறேன்" என்று ஈரத் துணியால் துடைத்து, ஒவ்வொரு விரலாக அழுத்திப் பத்தையும் எடுத்து முடித்தார். டொராண்டோவில் எந்த கவுன்டரிலும் எனக்கு இவ்வளவு பொறுமை கிடைத்ததில்லை. 85 டாலர் கட்டணம், பத்து வருடத்துக்குச் செல்லும்.

விண்ணப்பம் இப்போது பரிசீலனையில் இருக்கிறது. உங்கள் அப்பா அம்மாவுக்கும் ஊரில் யாராவது நிரப்பிக் கொடுத்திருந்தால், அந்தப் படிவத்தின் நகலை இன்றைக்கே கேட்டு வாங்கிப் பாருங்கள். தப்பாக ஏதாவது இருந்து ஏற்கெனவே அனுப்பியாகிவிட்டதென்றால், முடிவு வருவதற்குள் கனடா குடிவரவுத் துறையின் இணையப் படிவம் வழியாகத் திருத்தத்தை நாமே எழுதி அனுப்பலாம். விண்ணப்ப எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள், அதைக் கேட்பார்கள்.