ஏழு வருட ஸ்னோஷூவும் இற்றுப்போன வாரும்

போன வாரம் பள்ளித்தோழன் போனில் கேட்டான்: "மக்கா, பையன் வான்கூவருக்குப் படிக்கப் போறான். உன்கிட்ட அந்தப் பனியில நடக்குற சாமான் கிடக்குல்லா, கொடுத்து விடுவியா?" கிடக்கத்தான் செய்கிறது. பரணில் ஏறி எடுத்தேன். வலது காலின் நடு வார், நமத்துப்போன முறுக்கு மாதிரி கையோடு பிய்ந்து வந்தது.

ஸ்னோஷூ என்பது பனியில் கால் புதையாமலிருக்க பூட்ஸுக்கு அடியில் கட்டிக்கொள்ளும் அகலமான சட்டம். என்னுடையது அலுமினியம், 25 இஞ்ச், அடியில் இரும்புப் பல். ஐந்து குளிர்காலம் வான்கூவரின் வடக்குப் பக்கத்து மலைகளான சீமோர், சைப்ரஸ், கிரௌஸ் மூன்றிலும் இதைக் கட்டிக்கொண்டு நடந்திருக்கிறேன். ஊருக்குத் திரும்பி இரண்டு வருடம் ஆகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் கோபத்தில் மறந்துவிடும். குதிகாலுக்கு அடியில் ஒரு கம்பி மடங்கிக் கிடக்கும். செங்குத்தான ஏற்றத்தில் அதை நிமிர்த்தினால் குதிகால் அதன்மேல் உட்கார்ந்துகொள்ளும். சரிவு படிக்கட்டாகிவிடும், கெண்டைக்கால் இழுக்காது. 1,326 மீட்டர் உயர ஹாலிபர்ன் உச்சிக்கு என்னைக் கொண்டு சேர்த்தது அந்தக் கம்பிதான். அதைக் கண்டுபிடித்தவருக்கு ஒரு குழல் புட்டும் பயறும் பப்படமும் என் செலவில்.

கடல் பக்கத்து மலைகள் என்பதால் பனியில் ஈரம் அதிகம். நல்ல குளிரில் புட்டுக்கு விரவிய மாவு மாதிரி உதிரும். பூஜ்ஜியத்தை ஒட்டினால் கொழுக்கட்டை மாவு. அடியில் உருண்டு ஒட்டிக்கொண்டு கால் கனக்கும். அதற்கு ஸ்னோஷூ என்ன செய்யும்?

வார்தான் வில்லன். குளிரில் விறைத்துக்கொள்ளும், கையுறையோடு ஓட்டையைக் கொக்கியில் மாட்ட முடியாது. கையுறையைக் கழற்றினால் விரல் மரத்துப்போகும். எப்படியோ மாட்டி நூறடி நடந்தால் நுனி வெளியே வந்து ஆடும். சீமோர் பார்க்கிங்கிலிருந்து டாக் மவுண்டன் போய்வர சுமார் 5 கிலோமீட்டர்தான். ஒரு நாள் அதற்குள் ஏழு தடவை குனிந்தேன். உச்சியில் நின்றால் மொத்த நகரமும் காலடியில் விரிந்து கிடக்கிறது, நான் வாரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குமரி மாவட்டத்துக் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்ட முற்றத்தில் வளர்ந்தவன் நான். இயற்கை ரப்பர் கண்ணாடியாக இறுக மைனஸ் 70 டிகிரி பக்கம் போகவேண்டும். ஸ்னோஷூ கம்பெனிக்காரர்கள் வாருக்குப் போட்டிருந்தது பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக். சரி, நியாயமாகவும் பேசவேண்டும்: ரப்பர் வெயிலிலும் ஓசோனிலும் வெடிக்கும், பாலியூரித்தேன் உரசலை நன்றாகத் தாங்கும். ஆனால் ஈரமும் சூடும் சேர்ந்தால் அதில் சில வகைகள் உள்ளுக்குள்ளேயே இற்றுவிடும். ஐந்து வருடப் பனிக்கு அசையாத வாரை நம்மூர் ஆனி மழையும் ஐப்பசி மழையும் பரணில் வைத்தே தின்றுவிட்டன. கம்பெனிக்கு எழுதினேன். வார் தனியாகக் கிடையாதாம், பூட்ஸை இறுக்கும் பிடி முழுவதையும் வாங்கவேண்டுமாம். ஒரு முழம் வாருக்கு!

வடசேரியில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். பல்லைத் தடவிப் பார்த்து, "இது எந்த மாட்டுக்குள்ள லாடம்?" என்றார். பழைய லாரி டியூபை அறுத்து, ஆறு ஓட்டை குத்தி, 120 ரூபாய்க்குக் கட்டிக் கொடுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் சொத்தவிளைக் கடற்கரை. கணுக்கால் புதையும் காய்ந்த மணலில் அரை விரல்கூட இறங்கவில்லை. ஒரு நாய் மட்டும் எட்ட நின்று குரைத்தது. ஒரு மணி நேரம் நடந்தேன், ஒரு தடவைகூடக் குனியவில்லை.

ஆகவே, இந்த மாடலை யாரும் வாங்காதீர்கள். பையனுக்கும் வேண்டாம், அந்த மலைகளிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கிளம்புமுன் பனிச்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துக்கொண்டால் போதும். தோழனிடம் அப்படியே சொன்னேன். என்னுடையதைத் தரமுடியாது என்றும் சொன்னேன்.

"கடற்கரையில போட்டு நடக்கவாலே வச்சிருக்க?" என்றான்.

பல்லில் ஒட்டிய உப்பைக் கழுவித் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். ஆமா என்றேன்.