‘கபினி புலி முகாம்’ என்று பணம் கட்டச் சொல்கிறார்களா? கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

சென்னையில் புதிதாக கேமரா வாங்கியவர்களை, அதிலும் கல்லூரிப் பிள்ளைகளை, இன்ஸ்டாகிராமில் தேடிப் பிடித்து ‘பெரும்பூனை ஒளிப்பட முகாம்’ என்று பணம் வசூலிக்கும் ஓர் ஆளிடம் நாங்கள் ஒரு வேன் நிறையப் பேர் ஏமாற்றப்பட்டிருக்கிறோம். நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுத்திருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படிப் பேசுவார்கள், எந்த இடத்தில் மாற்றுவார்கள் என்பதை விவரமாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

விளம்பரத்தில் சொன்னது இது. காவேரி எக்ஸ்பிரஸில் மைசூரு, அங்கிருந்து வேனில் கபினி (கர்நாடகத்தில் நாகரஹொளே காட்டை ஒட்டிய அணைப்பகுதி), அந்தக் காட்டுக்குள் காலையும் மாலையும் ஜீப் சஃபாரி, ஒரு ஜீப்புக்கு ஆறு பேருக்கு மேல் கிடையாது, கூடவே அனுபவமுள்ள ஒருவர் உட்கார்ந்து ஷட்டர் வேகம் முதல் எடிட்டிங் வரை சொல்லித் தருவார், லென்ஸ் இல்லாதவர்களுக்குத் தூரத்தில் இருப்பதைப் பெரிதாக எடுக்கும் 600 எம்எம் வரை வாடகைக்கு உண்டு, ‘சைட்டிங் (அதாவது புலி கண்ணில் படுவது) நூறு சதவீதம் உறுதி’. தலைக்கு 16,500 ரூபாய், அதில் 10,000 அட்வான்ஸ். ஏப்ரலில் கபினி என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? அணையில் தண்ணீர் இறங்கியதும் கரையெல்லாம் புல் முளைக்கும், புல்லுக்கு யானையும் மானும் வரும், மானுக்குப் புலி வரும். வண்டலூரில் அகழிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புலியையே வருடக்கணக்கில் எடுத்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்குக் காட்டில் ஒரு புலியை லென்ஸ் வழியாகப் பார்ப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மைசூரில் இறங்கியதும் வேன் தயாராக இருந்தது. ஆனால் சொல்லித் தர வருவதாக இருந்த அந்த ‘அனுபவமுள்ளவர்’ வரவில்லை. அவருக்குப் பதிலாக, கையில் போனைத் தவிர வேறு எதுவும் இல்லாத ஒரு பையன் வந்தான். கொஞ்ச தூரம் போனதும் எங்களோடு வந்த நங்கநல்லூர் சார் (வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், கர்நாடகத்தில் பல வருடம் வேலை பார்த்தவர்) ஜன்னலில் நஞ்சன்கூடு பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு, “தம்பி, கபினிக்கு எச்.டி. கோட்டை வழியாகத்தானே போகணும், இது குண்டல்பேட்டை ரோடு ஆச்சே” என்று கேட்டார். அதற்கு அப்புறம்தான் ஏற்பாட்டாளரை போனில் பிடித்துக் கொடுத்தான் அந்தப் பையன். “காட்டுத்தீ பயத்துல கபினியை மூடிட்டாங்க சார், நம்ம கையில என்ன இருக்கு, மசினகுடில அதைவிட நல்லா சைட்டிங் கிடைக்கும்” என்றார். சார் அந்தப் பேச்சோடு விடவில்லை. வேனில் இருந்தபடியே நாங்கள் தங்குவதாகச் சொல்லியிருந்த கபினி விடுதியின் நம்பரைத் தேடிப் பிடித்துக் கேட்டார். சஃபாரி வழக்கம்போல காலையும் மாலையும் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் குழுவின் பெயரில் அங்கே பதிவே இல்லை. அன்றைக்கு மட்டுமல்ல, எப்போதுமே பதிவு செய்திருக்கவில்லை.

வேனை நிறுத்தச் சொன்னோம். நிறுத்தினால் திரும்பிப் போவது உங்கள் பொறுப்பு, ரயில் டிக்கெட் எல்லாம் என்னிடம்தான் இருக்கிறது என்றார் போனில். எங்களோடு இரண்டு பெண்களும் இருந்தார்கள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, முழுப் பணமும் ஏற்கெனவே கைமாறியிருந்தது. போனோம்.

மசினகுடி, நீலகிரியில் முதுமலை புலிகள் காப்பகத்தை ஒட்டிய ஊர். முதுமலையில் என்ன நடைமுறை என்று தெரியாதவர்களுக்காக: அங்கே புலிகள் காப்பகத்துக்குள் சஃபாரி என்றால் தெப்பக்காட்டிலிருந்து கிளம்பும் வனத்துறை வண்டிதான். தனியார் ஜீப் எதுவும் உள்ளே போக முடியாது. மசினகுடியில் உங்களை வழிமறித்து ‘ஜங்கிள் ரைடு’ என்று கூப்பிடுகிறவர்கள், பொதுச் சாலையிலும் ஊர் ஓரத்துப் புதர்க்காட்டிலும் சுற்றிக் காட்டிவிட்டுக் காசு வாங்குகிறார்கள். இரவில் கூட்டிப் போவது அப்பட்டமான சட்டவிரோதம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் படம் எடுப்பதற்கே அனுமதி வேண்டும். எங்களை வைத்திருந்த வீட்டுக்குப் பெயர்ப்பலகைகூட இல்லை. மசினகுடியைச் சுற்றியுள்ள சீகூர் யானை வழித்தடத்தை (யானைகள் காடு விட்டுக் காடு போகும் பாதை) உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதி செய்தது. அதற்கு மறு வருடம் ஜனவரியில், இதே மசினகுடியில்தான், ஒரு விடுதிப் பக்கம் வந்த யானை மீது எரியும் டயரை வீசி அது செத்தே போனது. அந்த ஊரில், அப்படி ஒரு வீட்டில், எங்களைக் கேட்காமல் தங்க வைத்தார்கள் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

இருட்டிய பிறகு ஜீப் வந்தது. இது வனத்துறை அனுமதியோடுதானா என்று கேட்டதற்கு, “எல்லாம் பேசியாச்சு” என்றான் பையன். ஆறு பேர் உட்காரும் ஜீப்பில் பத்துப் பேர். முன்னால் ஒருவன் பேட்டரியில் மாட்டிய பெரிய விளக்கை வைத்துக்கொண்டு புதர் புதராக அடித்துக்கொண்டே வந்தான். முதலில் காட்டுமாடுகள். அடுத்த வளைவில், சாலை ஓரமாக ஒரு பெண் யானை, அதன் வயிற்றுக்கடியில் குட்டி. விளக்கை நேராக அதன் முகத்தில் அடித்தான். குட்டி கால்களுக்கு நடுவே ஒடுங்கியது, தாய் காதை விரித்து இரண்டடி முன்னால் வந்தது, விளக்கை அணைக்கச் சொல்லி நாங்கள் கத்தக் கத்த அவன் “படம் எடுங்க, படம் எடுங்க” என்றே சொல்லிக்கொண்டிருந்தான். யாரும் எடுக்கவில்லை. இருட்டுக்குப் பழகிய கண்ணில் அந்த வெளிச்சம் விழுந்தால் அந்த விலங்குக்கு எதுவுமே தெரியாது. பள்ளத்தில் இறங்கும், வண்டி மீது பாயும், குட்டியைத் தவறவிடும், எதுவும் நடக்கலாம். நாங்கள் சண்டை போட்டு ஜீப்பைத் திருப்ப வைத்தோம்.

திரும்பும் வழியிலேயே வனத்துறை வண்டி வந்து மறித்துவிட்டது. எல்லோர் பெயரையும் எழுதிக்கொண்டார்கள், விளக்கைப் பறிமுதல் செய்தார்கள், அபராதம் போட்டார்கள். அந்த அதிகாரிகள் மீது எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அவர்கள் செய்ததுதான் சரி. ஆனால் வீட்டுக்கு வந்ததும் அந்தப் பையன் ஏற்பாட்டாளரிடம் பேசிவிட்டு, “அபராதத்தை எல்லாரும் ஷேர் பண்ணிக்கலாம், ஆளுக்கு ஆயிரம் போடுங்க” என்று வந்து நின்றான். கொடுக்க மாட்டோம் என்றதும், திரும்பிப் போகும் ரயில் டிக்கெட்டைத் தர மாட்டேன் என்றான்.

கடைசி நாள் மைசூரு உயிரியல் பூங்காவில் இறக்கிவிட்டார்கள். 1892இல் தொடங்கிய அருமையான பூங்கா அது, அதைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. பூங்காவில் படம் எடுப்பதும் கேவலம் இல்லை. சென்னையில் நாங்கள் எல்லோரும் வண்டலூரில்தான் கற்றுக்கொண்டோம், கம்பி வலைக்கு ஒட்டி லென்ஸை வைத்து அப்பர்ச்சரை (லென்ஸுக்குள் வெளிச்சம் நுழையும் துளையை) முழுக்கத் திறந்தால் வலை மறைந்துவிடும் என்பதில் தொடங்கி எல்லாமே. ஆனால் அதற்குப் பூங்காவின் நுழைவுச் சீட்டும் கேமரா கட்டணமும் போதும், 16,500 ரூபாய் தேவையில்லை.

இனி சொல்லப் போவதைத்தான் நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். ஊருக்கு வந்த மறுநாளே அவர்களுடைய இன்ஸ்டாகிராம் பக்கத்தில் ஒரு புலிப் படம் வந்தது: ‘கபினி, காலை சஃபாரி, முகாம் மாபெரும் வெற்றி’. அதைப் பார்த்ததுமே எங்கேயோ பார்த்த புலி என்று தோன்றியது. புலிகளின் வரிகள் நம் கைரேகையைப் போல ஒன்றுக்கு ஒன்று மாறும், நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் புலிக் கணக்கெடுப்பில் தானியங்கி கேமரா படங்களிலிருந்து தனித்தனிப் புலியாகப் பிரிப்பதே இந்த வரிகளை வைத்துத்தான். மைசூரு பூங்காவில் நான் எடுத்த படங்களைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். வலது தோளுக்குக் கீழே ஒரு வரி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்து ஒரு சின்ன வளையமாக நிற்கிறது, அதற்குப் பின்னால் ஒரு வரி பாதியிலேயே அறுந்து போகிறது. இரண்டு படத்திலும் அப்படியே. அவர்கள் படத்தின் கீழ் விளிம்பை வெட்டியிருக்கிறார்கள், என் படத்தில் அந்த இடத்தில் அகழியின் சிமென்ட் ஓரம் தெரிகிறது. பூங்காவில் எங்களோடு நின்று அவர்கள் ஆள் போனில் எடுத்த படத்தைத்தான் காட்டுப்புலி என்று போட்டு, அடுத்த கூட்டத்துக்கு வலை வீசுகிறார்கள். அந்தப் பக்கத்தைப் பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் ‘எங்கள் முகாமில் ஒரே வாரத்தில்’ என்று புலியும் சிங்கமும் சேர்த்து ஒரு தொகுப்பு. இந்தியாவில் காட்டுச் சிங்கம் குஜராத்தில், கிர் காட்டிலும் அதைச் சுற்றியுள்ள சௌராஷ்டிரப் பகுதியிலும் மட்டும்தான் உண்டு. அங்கே புலிகளுக்கு என்று காப்பகம் எதுவும் கிடையாது.

லென்ஸ் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். குழுவில் ஒரு தம்பி, இரவில் உணவு டெலிவரி செய்து சேர்த்த பணத்தில் வந்தவன், வாடகை 3,000, வைப்புத் தொகை 5,000 கட்டியிருந்தான். 600 எம்எம் என்றார்கள், கொடுத்தது 300 எம்எம் வரை மட்டுமே எட்டும் பழைய 70-300, உள்ளே பூஞ்சை படர்ந்தது. திருப்பிக் கொடுத்தபோது முன் கண்ணாடியில் கீறல் இருக்கிறது என்று 5,000ஐயும் பிடித்துக்கொண்டார்கள். நல்ல வேளையாக, லென்ஸைக் கொடுத்தபோதே குழுவில் வந்த ஒரு அக்கா அதை நாலாபக்கமும் போனில் படம் பிடித்து வைத்திருந்தார், கீறல் அதிலேயே இருக்கிறது. அந்தப் படத்தை அனுப்பியதும் தம்பியின் நம்பரை பிளாக் செய்துவிட்டார்கள்.

இப்போது நீங்கள் செய்ய வேண்டியது. காட்டில் புலியை யாராலும் உறுதி சொல்ல முடியாது. பல வருடம் ஜீப் ஓட்டும் ஓட்டுநர்கள்கூட ‘பார்க்கலாம் சார்’ என்றுதான் சொல்வார்கள், எனவே நூறு சதவீதம் என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். கபினியில் கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் சஃபாரி நடத்துகிறது. அங்கே தங்குவதாகச் சொன்னால் விடுதியையே கூப்பிட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், ஏற்பாட்டாளர் அனுப்பும் ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். தடோபா (மகாராஷ்டிரம்), கன்ஹா (மத்தியப் பிரதேசம்) போன்ற புலிகள் காப்பகங்களில் சஃபாரி இருக்கையே உங்கள் பெயரிலும் அடையாள அட்டை எண்ணிலும்தான் பதிவாகும், அந்தப் பர்மிட்டின் நகல் கைக்கு வராமல் முழுப் பணம் கட்டக் கூடாது. ரசீது கேளுங்கள். எங்களிடம் தனிநபர் ஜிபே எண்ணுக்குத்தான் வாங்கினார்கள், ஆனாலும் அந்தப் பரிவர்த்தனைப் பதிவும் வாட்ஸ்அப் பேச்சும் புகாருக்கு உதவியது.

புகார் கொடுப்பது நாங்கள் நினைத்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் பதில் வராததால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம், 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். வக்கீல் இல்லாமல் நங்கநல்லூர் சார்தான் எங்கள் எல்லோருக்கும் எழுதிக் கொடுத்தார். அந்தத் தம்பியின் 5,000க்கும் தனியாக ஒரு பத்தி சேர்த்திருக்கிறோம்.

அதே ஆட்கள் இப்போது அடுத்த முகாம் என்று தடோபாவைப் போட்டிருக்கிறார்கள், அதே நூறு சதவீதம், அதே மைசூரு புலிப் படம். அட்வான்ஸ் கட்டியவர்கள் இன்றைக்கே பர்மிட் நகலைக் கேளுங்கள், இரண்டு நாளில் வராவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள், போனில் பேசாதீர்கள். இதற்கு முன் அவர்களோடு போய் ஏமாந்தவர்கள் யாராவது இருந்தால் உங்களிடம் உள்ள பேச்சுப் பதிவையும் பணம் கட்டிய விவரத்தையும் அழிக்காமல் எனக்குத் தனியாக எழுதுங்கள், எங்கள் புகாரோடு இணைத்துக் கொடுக்கிறோம்.