ஹேங் ஆனது கம்ப்யூட்டர் இல்லை: ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கோடு நாலரை வருஷம்

ஆரணியில் இருக்கும் சித்தப்பா மகன் போன வாரம் போன் செய்தான். "அண்ணா, நீ வச்சிருக்கியே அந்த ரெண்டு டிபி டிஸ்க், இப்போ விலை இறங்கியிருக்கு. வாங்கட்டுமா?" ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு வைக்க வேண்டிய கேள்விதான். முக்கால் மணி நேரம் பேசினேன். அதில் பாதி நேரம் கேபிளைத் திட்டியதில் போனது. கம்பெனி பேர் வேண்டாம், இந்த வகை டிஸ்க் எல்லாமே அண்ணன் தம்பி ஜாடையில்தான் வருகிறது.

எனக்கு அதில் என்ன வேலை என்று சொல்லிவிடுகிறேன். அணைக்கட்டு, கணியம்பாடி பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மனுக்கு அக்னி வசந்த விழா நடக்கும்போது ராத்திரித் தெருக்கூத்தைப் படம் பிடிப்பது என் பழக்கம். கூத்தைத் தொடங்கிவைக்கும் கட்டியங்காரன் பத்து மணிக்கு மேல் வருவார், முடிய விடிந்துவிடும். ஒரு ராத்திரிக்கு 60, 70 ஜிபி சாதாரணமாகச் சேரும். எல்லாம் இந்த டிஸ்க்குக்குத்தான் போகிறது.

முதல் வருஷம் ஒரு குறையும் இல்லை. இரண்டாவது வருஷம் மே மாதம் ஆரம்பித்தது. டிஸ்க்கைச் செருகி காப்பி போட்டதும் மவுஸ் நிற்கும். அரை நிமிஷம் கழித்து நகரும். மறுபடி நிற்கும். சில நாள் ஃபோல்டர் ஜன்னலே வெளுத்துப் போய் 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வந்து நிற்கும். டிஸ்க்கைப் பிடுங்கினால் எல்லாம் சரியாகிவிடும். அப்புறம் வேறென்ன நினைப்பேன்? டிஸ்க் போச்சு என்றுதான் நினைத்தேன்.

பழுது பார்க்கும் கடை ஒன்றுக்குக் கொண்டுபோனேன். காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "ஹெட்டு போயிடுச்சு சார், புதுசு வாங்கிடுங்க" என்றார். ஹெட்டு என்றால் டிஸ்க்கின் உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முனை. அதோடு கம்ப்யூட்டரையும் ஃபார்மேட் செய்து 600 ரூபாய் வாங்கிக்கொண்டார். வீட்டுக்கு வந்து செருகினேன். அதே கதை.

அடுத்து வெயில் மேல் பழி போட்டேன். வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க்கோடு வந்த தாளில் 35 டிகிரி வரைதான் இயக்கலாம் என்று போட்டிருந்தது. அப்படியென்றால் பங்குனி முடிந்ததும் பரணில் போட்டுவிட்டு ஐப்பசியில்தான் எடுக்க வேண்டும். டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 53 டிகிரி. பழைய இட்லித் தட்டைக் கவிழ்த்து அதன்மேல் டிஸ்க்கை வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பிவிட்டேன். குழி ஓட்டை வழியாக காற்று போய் ஆறேழு டிகிரி இறங்கியது. ஹேங் மட்டும் இறங்கவில்லை. தட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது, வீட்டம்மா கேட்டும் கொடுக்கவில்லை.

அதே மென்பொருளில் இன்னொன்றும் தெரிந்தது. ரீஅலகேட்டட் செக்டர் (கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட பகுதி) பூஜ்யம், பெண்டிங் செக்டர் (படிக்கத் தடுமாறும் பகுதி) பூஜ்யம். டிஸ்க்கின் தட்டில் ஒரு கீறல்கூட இருப்பதாகத் தெரியவில்லை. ஹெட்டு போய்விட்டது என்றாரே!

விடை தற்செயலாகக் கிடைத்தது. ஒரு ராத்திரி காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதே டிஸ்க்கில் இருந்து பழைய பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். மவுஸ் நின்றது. பதிவில் ஓடிய முகவீணை, கூத்தில் ஊதுவார்களே அந்தச் சின்னக் குழல், நிற்கவில்லை. தாளம் பிசகவில்லை, பின்பாட்டு அதுபாட்டுக்குப் போகிறது. கீபோர்டில் கேப்ஸ் லாக்கைத் தட்டினேன், விளக்கு எரிந்தது, அணைந்தது. கம்ப்யூட்டர் ஹேங்கே ஆகவில்லை, மவுஸ் மட்டும்தான் செத்துக் கிடந்தது.

வயர் இல்லாத மவுஸ் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் பேசுகிறது. யுஎஸ்பி 3.0 இணைப்பில் வேகமாக டேட்டா ஓடும்போது அதே அலைவரிசையில் இரைச்சல் கிளம்பும். இன்டெல் 2012-லேயே இதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டிருக்கிறது. மவுஸின் நகக்கண் அளவு ரிசீவரை டிஸ்க்கின் கேபிளுக்கு ஒட்டின ஓட்டையிலேயே செருகி வைத்திருந்தேன். உடுக்கை அடிக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து ரகசியம் பேசினால் எப்படிக் கேட்கும்? ரிசீவரை ஒரு நீட்டிப்பு வயரில் மாட்டி மேசைக்கு மேலே கொண்டுவந்தேன். பாதி நோய் போய்விட்டது. செலவு 80 ரூபாய்.

மீதி பாதி நிஜமான ஹேங். அதற்கு விண்டோஸ் தன் குறிப்புகளை எழுதி வைக்கும் ஈவென்ட் வியூவரில் சிஸ்டம் பகுதியைத் திறந்து பார்த்தேன். 'டிஸ்க்' என்ற பேரில் 153 என்ற எண் வரிசையாக நின்றது. கேட்ட டேட்டா வரவில்லை, மறுபடி கேட்டேன் என்று விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்பு அது. டிஸ்க் பதில் சொல்கிற வரை, சில சமயம் ஒரு நிமிஷம் வரைகூட, விண்டோஸ் பொறுமையாகக் காத்திருக்கும். அதுவரை அந்த டிஸ்க்கைத் தொட்ட ஃபோல்டர் ஜன்னலும் ஆன்டிவைரஸும் அப்படியே நிற்கும். நமக்கு மொத்தக் கம்ப்யூட்டரும் நின்ற மாதிரி இருக்கும்.

செக்டர் நன்றாக இருக்கும்போது ஏன் பதில் வரவில்லை? இங்கேதான் நான் திட்டிய கேபிள் வருகிறது. மைக்ரோ-பி என்று ஒரு முனை, அகலமாக, நடுவில் இடுக்கு விட்டு இருக்கும். கம்பெனி கொடுத்த கேபிள் ஒரு முழம்கூட வராது. நீளம் போதாமல் கேபினட்டின் முன்பக்க ஓட்டையில் செருகி, டிஸ்க்கைத் தொங்கவிடாத குறையாக வைத்திருந்தேன். இழுத்து இழுத்து முனை தளர்ந்துவிட்டது. அதுவுமில்லாமல் சில நாள் செருகியது முன்பக்கத்திலேயே இருந்த பழைய 2.0 ஓட்டையில். அதற்கு 500 மில்லிஆம்பியர்தான் கணக்கு, 3.0-க்கு 900. தூங்கின டிஸ்க் சுழல ஆரம்பிக்கும் அந்த நொடியில் அதிகக் கரண்ட் கேட்கும். கடைக்காரர் காதில் கேட்ட 'டிக் டிக்' அதுதான், பாவம் பசியில் முனகியிருக்கிறது.

பின்பக்கம் மதர்போர்டிலேயே இருக்கும் நீல 3.0 ஓட்டைக்கு மாற்றினேன். புதுக் கேபிளுக்கு நாலு கடை ஏறினேன். எல்லாரும் டைப்-சி கேபிளையே எடுத்து நீட்டினார்கள். ஐந்தாவது கடையில் 250 ரூபாய்க்குக் கிடைத்தது. அன்றிலிருந்து 153 ஒன்றுகூட விழவில்லை.

டிஸ்க் செருகியபடி இருக்க, காலையில் பவர் போட்டதும் கம்ப்யூட்டர் லோகோவோடு நின்றுவிடுகிறதா? பயாஸில் (விண்டோஸுக்கு முன் ஓடும் அமைப்பு) பூட் வரிசையில், அதாவது எதிலிருந்து தொடங்குவது என்ற வரிசையில், யுஎஸ்பியைக் கீழே தள்ளுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். இருபது நிமிஷம் சும்மா விட்டால் டிஸ்க் தூங்கி, எழுப்ப நாலு நொடி எடுக்கும். அதை மாற்ற நான் முயற்சிக்கவில்லை, நாமும் அப்படித்தானே. ஒன்றே ஒன்று: கெட்ட செக்டர் எண்ணிக்கை நிஜமாகவே ஏறியிருந்தால், செக் டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு) போடுவதற்கு முன் உள்ளே இருப்பதை வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். சாகக் கிடப்பதை ஓடவிட்டால் சீக்கிரம் சாகும்.

நாலரை வருஷத்தில் ஒரு கூத்தைக்கூட இந்த டிஸ்க் தொலைக்கவில்லை. ஹேங் ஆனபோது கோபத்தில் நான் பிடுங்கியதில் கெட்டது ஒன்று, கர்ணன் களத்தில் விழும் ராத்திரி. கேமரா கார்டில் மிச்சம் இருந்ததால் தப்பித்தேன். வெயில், கரண்ட் கட், 600 ரூபாய் ஃபார்மேட் எல்லாவற்றையும் தாங்கிவிட்டது.

இத்தனையும் சொல்லிவிட்டு, தம்பியிடம் "வாங்காதே" என்றேன். அவன் சிரித்தான். "டிஸ்க் மேல தப்பில்லன்னு இப்பதானே சொன்ன?" சொன்னேன். ஆனால் அந்த அகல முனையை இன்னொரு முறை செருகுவதை நினைத்தாலே எரிச்சல் வருகிறது. டைப்-சி முனை உள்ளதாகப் பார், நூறு இருநூறு கூடினாலும் பரவாயில்லை என்றேன். வைப்பதற்கு முன் ஞாபகமாகச் சொன்னேன்: ஆரணியில் அந்தப் பழைய கேபிள் எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்கு ரெண்டு வாங்கி வை.